பதிவேட்டில் பெயர், வீட்டில் மாணவி: பெரும்பாக்கம் மறுகுடியமர்வில் ஓர் இடைநிற்றல்

சென்னையின் மையப் பகுதியில், கூவம் கரையோரக் குடியிருப்பு ஒன்றிலிருந்து பெரும்பாக்கத்துக்கு மாற்றப்பட்ட ஒரு குடும்பத்தின் மூத்த மகள் ஏழாம் வகுப்பின் நடுவில் பள்ளியை விட்டு விலகினாள். அடுத்த கல்வியாண்டில் மீண்டும் சேர்ந்தாள். 2022 நவம்பர் முதல் 2024 ஜூன் வரை நடந்தவற்றை இந்த ஆய்வு வரிசையாகப் பதிவு செய்கிறது. குடும்பத்தினர், பள்ளிகள், அலுவலர்கள் எவரையும் அடையாளம் காட்டும் விவரங்கள் சேர்க்கப்படவில்லை. இதை எழுதுபவர் அப்பகுதியில் குழந்தைகளின் கல்விக்காகச் செயல்படும் ஒரு சிறிய தன்னார்வக் குழுவைச் சேர்ந்தவர்.

பின்னணி

அரசமைப்புச் சட்டத்தின் 86ஆவது திருத்தம் 2002இல் 21அ பிரிவைச் சேர்த்து, ஆறு முதல் பதினான்கு வயது வரையுள்ள ஒவ்வொரு குழந்தைக்கும் இலவசக் கட்டாயக் கல்வியை அடிப்படை உரிமையாக்கியது. அதைச் செயல்படுத்தும் 2009ஆம் ஆண்டுச் சட்டம் 2010 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. தமிழ்நாடு அதற்கு முன்பே, 1994இல், கட்டாயத் தொடக்கக் கல்விக்கெனத் தனிச் சட்டம் இயற்றியிருந்தது. சத்துணவு, விலையில்லாப் பாடநூல், சீருடை, கட்டணமில்லாப் பேருந்துப் பயண அட்டை ஆகிய எல்லாம் இங்கே பல ஆண்டுகளாகப் பழகிப்போனவை. ஆகவே சென்னையில் ஒரு பன்னிரண்டு வயதுச் சிறுமி பள்ளிக்குப் போகாமல் இருக்கிறாள் என்றால், பள்ளி இல்லாததையோ கட்டணம் கட்ட முடியாததையோ காரணமாகச் சொல்வதற்கு இடம் குறைவு. மாநில விதிகளின்படி தொடக்கப் பள்ளி ஒரு கிலோமீட்டருக்குள்ளும் நடுநிலைப் பள்ளி மூன்று கிலோமீட்டருக்குள்ளும் இருக்க வேண்டும். இந்தச் சிறுமி வசித்த அடுக்ககத்திலிருந்து அரசுப் பள்ளி நடந்து போகும் தொலைவில்தான் இருந்தது.

1970இல் குடிசை மாற்று வாரியமாகத் தொடங்கி 2021இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறிய அமைப்பு, 2000ஆம் ஆண்டு முதல் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று நகரின் தெற்கு விளிம்பில் பெரிய குடியிருப்புகளைக் கட்டியது. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு ஆற்றோரக் குடும்பங்கள் பெருமளவில் பெரும்பாக்கத்துக்கு மாற்றப்பட்டன. அங்குள்ள எட்டு மாடி அடுக்ககங்களில் வீடுகள் குலுக்கல் முறையில் ஒதுக்கப்படுவதால், கூவம் கரையில் ஒரே சந்தில் வாழ்ந்தவர்கள் இங்கே வெவ்வேறு தொகுதிகளில் வெவ்வேறு மாடிகளுக்குச் சிதறிப் போவது வழக்கம். வெளியாட்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளாத இந்தச் செய்தி இந்த நிகழ்வில் முக்கியமானது.

நிர்வாக எல்லை பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பேச்சு வழக்கில் பெரும்பாக்கமும் சென்னைதான். ஆனால் அது செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த ஊராட்சி. சிறுமியின் பழைய பள்ளி சென்னை மாநகராட்சியின் கல்வித் துறைக்கு உட்பட்டது; புதிய இடத்துப் பள்ளி வேறொரு மாவட்டத்தில், பள்ளிக் கல்வித் துறையின் கீழ் இருந்தது. ஒரு நிர்வாகத்தின் பார்வையிலிருந்து நீங்கிய குழந்தை மற்றதன் பார்வைக்குள் வந்துவிட்டதா என்பதைக் கவனிக்க வேண்டிய பொறுப்பு குறிப்பாக எவரிடமும் இல்லை.

குடும்பம்

தந்தை கோயம்பேடு சந்தையில் சுமை தூக்குபவர். வாரத்தில் பல இரவுகள் அங்கேயே தங்கிவிடுவார். தாய் கீழ்ப்பாக்கத்தில் மூன்று வீடுகளில் வேலை செய்தார். பிள்ளைகள் மூவர்: ஏழாம் வகுப்பில் மூத்த மகள், நான்காம் வகுப்பில் மகன், இரண்டரை வயதில் கடைசிப் பெண். பழைய குடியிருப்பில் தாயின் தாயாரும் பக்கத்து வீட்டினரும் கைக்குழந்தையைப் பார்த்துக்கொண்டார்கள்; வேலைக்குப் போகும் வீடுகளும் நடை தூரத்தில் இருந்தன.

மூத்தவளின் படிப்பில் இடமாற்றத்துக்கு முன்பே ஒரு பள்ளம் விழுந்திருந்தது. 2020 மார்ச்சில் கொரோனா காரணமாகப் பள்ளிகள் மூடியபோது அவள் நான்காம் வகுப்பில் இருந்தாள். தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் மீண்டும் தொடங்கின. அப்போது அவள் ஆறாம் வகுப்பு. நீள் வகுத்தல், பின்னம், ஆங்கில வாசிப்பு ஆகியவை ஊன்ற வேண்டிய காலம் முழுவதும், வீட்டிலிருந்த ஒரே கைபேசி தந்தையின் சட்டைப் பையில் கோயம்பேட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

இடமாற்றமும் விலகலும்

2022 நவம்பரில், கல்வியாண்டின் நடுவில், குடும்பம் பெரும்பாக்கம் வந்தது. பாட்டி நகரிலேயே மற்றொரு மகள் வீட்டில் தங்கிவிட்டார். தாய் பழைய வேலைகளை விடவில்லை. அந்தப் பக்கத்தில் உடனே வேலை கிடைக்கவில்லை என்பதோடு, மூன்று வீட்டாரிடமும் அவர் முன்பணம் வாங்கியிருந்தார். 2021 மே முதல் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குப் பயணம் இலவசம் என்பதால் பணம் தடையாக இல்லை. நேரம்தான் தடையாயிற்று. காலை ஐந்தரைக்குப் புறப்பட்டு மாலை நான்கு மணிக்கு மேல் திரும்பினார்.

மகன் சில நாட்களில் அருகிலுள்ள தொடக்கப் பள்ளியில் சேர்க்கப்பட்டான். பழைய தொடக்கப் பள்ளியின் ஆசிரியை ஒருவர் தாமாகவே மாற்றுச் சான்றிதழை எழுதிக் கொடுத்து அனுப்பியதே அதற்குக் காரணம். மூத்தவளை மட்டும், ஆண்டு முடியும் வரை பழைய பள்ளியிலேயே படிக்கட்டும் என்று பெற்றோர் முடிவு செய்தனர். இது அறியாமையால் எடுத்த முடிவன்று. தோழிகளும் தெரிந்த ஆசிரியர்களும் அங்கே இருந்தார்கள். தாயும் அதே திசையில் பயணம் செய்தார். சில வாரங்கள் அவள் தாயுடன் விடியற்காலைப் பேருந்தில் போய், பள்ளி வாயில் திறக்கும் வரை தாய் வேலை செய்யும் வீட்டின் படிக்கட்டில் காத்திருந்தாள். வகுப்பில் தூங்கிவிடுகிறாள் என்று ஆசிரியர் சொல்லி அனுப்பினார். அந்த வாரங்களில் கடைசிக் குழந்தையைத் தொகுதியிலேயே ஒருவர் மாற்றி ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அறிமுகமற்றவர்களிடம் அந்த ஏற்பாடு நீடிக்கவில்லை. பொங்கல் விடுமுறைக்குப் பிறகு அவள் போகவில்லை.

கவனத்துக்கு வந்த விதம்

2023 ஏப்ரலில் பள்ளி செல்லாக் குழந்தைகள் கணக்கெடுப்பு நடந்தபோது, அந்த மாடிக்கு வந்த குழு, ‘பிள்ளைகள் பள்ளியில் படிக்கிறார்களா’ என்று கேட்டது. தாய் ஆம் என்றார். பிறகு எங்களிடம் பேசும்போது, “பேரு ஸ்கூல்ல இருக்குது மேடம், நின்னுட்டான்னு எப்படிச் சொல்றது” என்றார். அவர் சொன்னது பொய்யன்று. பள்ளிக் கல்வித் துறையின் கல்வி மேலாண்மைத் தகவல் அமைப்பில், சுருக்கமாக எமிஸ் என்று எல்லோரும் சொல்லும் கணினிப் பதிவில், அவள் பெயர் பழைய பள்ளியின் கணக்கில் உயிரோடு இருந்தது. குடும்பம் திரும்பி வரலாம் என்ற எண்ணத்தில் அப்பள்ளி பெயரை நீக்கவில்லை. எட்டாம் வகுப்பு வரை எவரையும் நிறுத்தி வைப்பதில்லை என்ற மாநிலக் கொள்கையின்படி, சுமார் மூன்று மாதம் வராத அவள் எட்டாம் வகுப்புக்குத் தேர்ச்சியும் பெற்றாள்.

எங்கள் கவனத்துக்கு இது தற்செயலாக வந்தது. மாலை நேர வாசிப்பு வகுப்புக்கு வந்த மகன், கடைசிக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவனை அழைத்துப் போக வரும் அக்காவை ‘எட்டாவது படிக்கிறா’ என்று சொன்னான். பகல் நேரங்களிலும் அவளை அதே தாழ்வாரத்தில் பார்த்திருந்தோம்.

நாங்கள் கண்டவை

அக்கம்பக்கத்தில் முதலில் கிடைத்த விளக்கம், அவள் வயதுக்கு வந்துவிட்டதால் வீட்டில் நிறுத்திவிட்டார்கள் என்பது. தாயும் முதலில் அதையே சொன்னார். பாதிக்கு மேல் விளக்கெரியாத படிக்கட்டு, நின்றுபோன மின்தூக்கி, முன்பின் அறியாத ஆண்கள் நிற்கும் முகப்பு ஆகியவற்றைப் பார்த்தவர்களுக்கு அந்த அச்சம் நியாயமாகவே தோன்றும். இத்தகைய நிகழ்வுகளில் விசாரணை பெரும்பாலும் இங்கேயே முடிந்து, பெற்றோருக்கு விழிப்புணர்வு தேவை என்ற குறிப்போடு கோப்பு மூடப்படுகிறது. எங்களுக்கு அதில் ஐயம் இருந்தது; அவள் வயதுக்கு வந்தது மார்ச்சில், நின்றது ஜனவரியில்.

ஆகவே ‘ஏன் போகவில்லை’ என்று கேட்பதை விட்டுவிட்டு, வீட்டில் ஒவ்வொருவரும் எந்த மணிக்கு எங்கே இருக்கிறார்கள் என்று தாயையும் மகளையும் தனித்தனியாகக் கேட்டு எழுதினோம். அந்தத் தாளில் காரணம் தெளிவாகத் தெரிந்தது. தாய் ஐந்தரைக்குப் போகிறார், தந்தை இருப்பதில்லை, பள்ளி ஒன்பதே காலுக்குத் தொடங்குகிறது, கீழே உள்ள அங்கன்வாடி மையம் பத்து மணியை ஒட்டித் திறக்கிறது, ஏனெனில் அதன் பணியாளர் மற்றொரு மையத்தையும் கூடுதல் பொறுப்பாகக் கவனிக்கிறார். மையம் மூடும் நேரமும் தாய் திரும்பும் நேரமும் ஒத்துவரவில்லை. காலையில் ஏறத்தாழ ஒரு மணி நேரமும் மாலையில் அதைவிடக் கொஞ்சம் குறைவாகவும் அந்தக் குழந்தையிடம் ஒருவர் இருந்தாக வேண்டும். அந்த ஒருவர் மூத்த மகள். படிப்பை நிறுத்த எவரும் முடிவு செய்ததாக அந்த வீட்டில் ஒரு நாளும் இல்லை.

வேறு இரண்டு செய்திகளும் வெளிவந்தன. கோடை விடுமுறையில் தாயுடன் வேலைக்குப் போனபோது ஒரு வீட்டார், தங்கள் பேரக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள இவளை அங்கேயே தங்க வைக்கலாமே என்று கேட்டிருந்தனர். பெற்றோர் பதில் சொல்லாமல் தள்ளிப் போட்டிருந்தார்கள். அடுத்து, அவளது கற்றல் நிலை: தமிழைச் சரளமாக வாசித்தாள், எழுத்துப் பிழை குறைவு, கழித்தல் வந்தது, வகுத்தல் வரவில்லை, ஆங்கிலத்தில் சிறு சொற்களைத் தாண்டவில்லை. எட்டாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தைத் திறந்து காட்டியபோது அமைதியாக மூடி வைத்தாள்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதல் முடிவு, ஒரு யோசனையை ஏற்காதது. கள அலுவலர் ஒருவர் அவளை உண்டு உறைவிடச் சிறப்புப் பயிற்சி மையத்தில் சேர்க்கலாம் என்றார். உணவு, தங்குமிடம், பாதுகாப்பு எல்லாம் அங்கே கிடைக்கும். கோப்பும் விரைவாக முடியும். நாங்கள் தயங்கியதற்குக் காரணம் அந்த நேரத் தாள்தான். மூத்தவள் விடுதிக்குப் போனால் காலை ஒரு மணி நேரம் அடுத்ததாகப் பத்து வயதுப் பையனிடம் போய்ச் சேரும். ஒரு பிள்ளையைச் சேர்த்து இன்னொன்றை நிறுத்துவதில் பயனில்லை என்று அலுவலரிடம் விளக்கினோம், அவர் ஒப்புக்கொண்டார்.

தங்கி வேலை செய்யும் பேச்சைப் பொறுத்தவரை, புகார் தருவதைத் தவிர்த்தோம். பதினான்கு வயதுக்கு உட்பட்டவர்களை வீட்டு வேலையில் அமர்த்துவது 2006 முதல் தடை செய்யப்பட்டது. 2016 திருத்தம் எல்லா வேலைகளுக்கும் அந்தத் தடையை விரித்தது. ஆனால் வேலை இன்னும் தொடங்கவில்லை. புகார் எழுந்தால் தாயின் ஊதியம்தான் முதலில் போகும். சட்டத்தைத் தாய்க்கு எடுத்துச் சொன்னோம். ‘போலீஸ் கேஸ் ஆயிடுமாம்’ என்ற ஒரு வாக்கியத்தோடு அவர் அந்தப் பேச்சை முடித்துவிட்டார். மறுப்பதற்கு அவருக்கு ஒரு காரணம்தான் தேவைப்பட்டிருந்தது என்று தோன்றுகிறது.

மூன்றாவது, குழந்தைப் பராமரிப்பு. இதில் குழுவுக்குள் நீண்ட விவாதம் நடந்தது. ஒரு பெண்ணை நியமித்து நாங்களே ஊதியம் தரலாம் என்பது ஒரு கருத்து. எங்கள் நிதி ஆண்டுக்கு ஆண்டு மாறுவது. அது நிற்கும் நாளில் ஏற்பாடும் நின்றுவிடும் என்பது எதிர்க்கருத்து. அதே தொகுதியில் இதே சிக்கலில் மேலும் மூன்று குடும்பங்கள் இருப்பது தெரிந்ததும் விவாதம் தீர்ந்தது. இரண்டாம் மாடியில் காலையில் இட்லி விற்கும் ஐம்பது வயதைக் கடந்த ஓர் அம்மா, வியாபாரம் முடியும் எட்டரை மணி முதல் குழந்தைகளை வைத்திருந்து அங்கன்வாடியில் விடவும், மாலையில் அழைத்து வந்து தாய்மார் வரும் வரை பார்க்கவும் இசைந்தார். நான்கு குடும்பங்களும் ஆளுக்கு மாதம் 300 ரூபாய் அவருக்குத் தருவதென முடிவாயிற்று. பாய், கதவுத் தடுப்பு, தண்ணீர்க் குடம் முதலியவற்றை மட்டும் நாங்கள் வாங்கிக் கொடுத்தோம்.

நான்காவது, சேர்க்கை. 2009ஆம் ஆண்டுச் சட்டத்தின் 5ஆவது பிரிவு, மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமாவதைக் காட்டிச் சேர்க்கையை மறுக்கவோ தள்ளிப்போடவோ கூடாது என்கிறது. புதிய பள்ளியின் தலைமையாசிரியைக்கு இது நன்றாகவே தெரிந்திருந்தது. சிறுமியை அன்றே வகுப்பில் உட்கார வைத்தார். ஆனால் கணினி அவளை ஏற்கவில்லை. பழைய பள்ளி அவள் பெயரைப் பொதுத் தொகுப்புக்கு விடுவித்தால்தான் புதிய பள்ளி எடுத்துக்கொள்ள முடியும். கணினியில் இல்லாதவளுக்குப் பாடநூலும் சீருடையும் கணக்கில் வராது. பழைய பள்ளியைத் தொலைபேசியில் அழைத்தபோது அங்கிருந்தவர், இதுவரை யாருமே கேட்கவில்லையே என்று வியந்து மறுநாளே விடுவித்தார். ஐந்து மாதத்துக்கு மேலாக நீடித்த தடை ஓர் அழைப்பில் தீர்ந்தது.

இதைவிடக் கடினமானது சிறப்புப் பயிற்சி. சட்டத்தின் 4ஆவது பிரிவு, விடுபட்ட குழந்தையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, மற்றவர்களுக்கு இணையாக வருவதற்குச் சிறப்புப் பயிற்சியும் தரச் சொல்கிறது. அந்தப் பயிற்சி பள்ளி செல்லாக் குழந்தைகள் பட்டியலில் இருப்பவர்களுக்கே கிடைக்கும். இவளோ பதிவேட்டின்படி ஒரு நாளும் பள்ளியை விட்டு விலகாதவள். ஏழாம் வகுப்புத் தேர்ச்சி பெற்றவள். உதவி பெற வேண்டுமானால் அவள் நின்றுபோனவள் என்று முதலில் எவரேனும் எழுத வேண்டும். எழுதினால் ஒரு பள்ளியின் கணக்கில் இடைநிற்றல் ஒன்று கூடும். வட்டார வள மையத்தின் ஆசிரியர் பயிற்றுநர் ஒருவர், நேரத் தாளையும் தாயின் வாக்குமூலத்தையும் வைத்து அவளைப் பட்டியலில் சேர்த்தார். இந்த நிகழ்வில் துணிச்சலான செயல் இதுவே என்பது என் மதிப்பீடு.

தொடர்ந்து நடந்தவை

வெயில் காரணமாகத் தள்ளிப்போன 2023 பள்ளித் திறப்பு, ஆறாம் வகுப்புக்கு மேல் ஜூன் 12 அன்று நடந்தது. பராமரிப்பு ஏற்பாடு நிலைபெறச் சில வாரங்கள் ஆனதால் அவள் ஜூலையில்தான் ஒழுங்காக வரத் தொடங்கினாள். ஆகஸ்ட் 25 முதல் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிந்தபோது, தம்பி காலையில் சீக்கிரமே பள்ளிக்கு ஓடினான். வீட்டில் காலைச் சமையல் ஒரு வேலை குறைந்தது. அத்திட்டம் ஐந்தாம் வகுப்பு வரைக்குமானது. அக்காள் பெரும்பாலும் வெறும் வயிற்றில் போய் மதியச் சத்துணவுக்குக் காத்திருந்தாள். இட்லி அம்மா அதைக் கவனித்து இரண்டு இட்லி கொடுக்கத் தொடங்கியது எங்கள் திட்டத்தில் இல்லாதது.

டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயலில் பெரும்பாக்கம் தண்ணீரில் நின்றது. சென்னையையும் சுற்றியுள்ள மாவட்டங்களையும் சேர்ந்த பள்ளிகள் மூடப்பட்டன. திறந்த பிறகும் அங்கன்வாடி மையத்தின் தரை காயவில்லை. இட்லி அம்மா காய்ச்சலில் படுத்துவிட்டார். அந்த நாட்களில் மூத்தவள் மீண்டும் குழந்தையோடு வீட்டில் இருந்தாள்; அரையாண்டுத் தேர்வில் இரண்டு தாள்களைத் தவறவிட்டாள். பழையபடி ஆகிவிடுமோ என்று அஞ்சினோம். இம்முறை வகுப்பாசிரியை மூன்றாம் நாளே தாயைக் கைபேசியில் அழைத்தார். நான்கு குடும்பங்களும் முறை வைத்து ஒவ்வொரு தாயாக ஒரு நாள் விடுப்பு எடுத்து, இட்லி அம்மா எழுந்து வரும் வரை சமாளித்தார்கள்.

அவள் எட்டாம் வகுப்பை முடித்து 2024 ஜூனில் ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்தாள். வகுத்தலும் பின்னமும் வந்துவிட்டன. இயற்கணிதம் இன்னும் திணறல்தான். ஆங்கிலத்தில் பெரிய மாற்றம் இல்லை. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வைப் பற்றி இப்போதே நம்பிக்கையாக எதையும் எழுத முடியாது. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு உயர்கல்வியில் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டத்தைத் தாய் அறிந்திருக்கிறார். அதைக் கணக்கில் வைத்துத்தான் பேசுகிறார். அவர் கீழ்ப்பாக்கத்தில் ஒரு வீட்டை விட்டுவிட்டு, ராஜீவ்காந்தி சாலையில் ஓர் அலுவலகத்தில் துப்புரவுப் பணிக்குச் சேர்ந்திருக்கிறார். ஊதியம் சற்றே குறைவு; மாலையில் வீட்டில் இருக்கிறார்.

மற்ற மூன்று குடும்பங்களில் ஒன்றின் மூத்த மகள் எங்களுக்குத் தெரியவந்தபோது பதினைந்து வயதைக் கடந்து, ஒன்பதாம் வகுப்பில் நின்றிருந்தாள். சட்டத்தின் வயது வரம்பு, வகுப்பு வரம்பு இரண்டையுமே அவள் தாண்டிவிட்டிருந்தாள். அவள் திரும்பவில்லை.

மாற வேண்டியவை

இடமாற்றத்தின்போது வீட்டு ஒதுக்கீட்டு ஆணை தரும் மேசைக்கு அருகிலேயே ஒரு கல்வி மேசை இருந்து, பழைய பள்ளியிலிருந்து பெயரை விடுவித்துப் புதிய பள்ளியில் ஏற்பதை அன்றே முடித்துவிடலாம். இந்தக் குடும்பத்திலேயே, சான்றிதழோடு வந்த தம்பி ஒரு வாரம்கூட வீணாகாமல் சேர்ந்துவிட்டதை மேலே குறிப்பிட்டோம். ஆண்டின் நடுவில் இடம் மாற்றுவதையே தவிர்க்க முடிந்தால் இந்த மேசைக்கும் வேலை குறையும்.

கணக்கெடுப்பில் கேள்வி மாற வேண்டும். ‘படிக்கிறாளா’ என்பதற்கு மாறாக, கடைசியாக வகுப்புக்குப் போன நாள் எது என்று கேட்டிருந்தால் 2023 ஏப்ரலிலேயே இவள் பட்டியலில் வந்திருப்பாள். சட்டத்தின் 9ஆவது பிரிவு, தன் எல்லைக்குள் வசிக்கும் பதினான்கு வயது வரையிலான குழந்தைகளின் பதிவேட்டை உள்ளாட்சி அமைப்பு வைத்திருக்க வேண்டும் என்கிறது. அதாவது கணக்கு வசிப்பிடத்தை ஒட்டியது. நடைமுறையில் உள்ள கணக்கோ பள்ளியை ஒட்டியது. இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தால், பெயர் ஓரிடத்திலும் ஆள் வேறிடத்திலும் உள்ள பிள்ளைகள் தாமாகவே தெரிந்துவிடுவார்கள். மாவட்ட எல்லை மாறும்போது இது இன்னும் அவசியம்.

வீடு ஒதுக்குகையில் பழைய அண்டை வீடுகளைச் சேர்த்தே ஒதுக்குவது கல்விச் செலவில்லாத கல்வி நடவடிக்கை. முதியோருக்கும் மாற்றுத் திறனாளிகளுக்கும் கீழ்த்தளம் தர முடிகிறபோது, ஐந்து குடும்பங்களை ஒரே மாடியில் வைப்பதும் முடியக்கூடியதே.

அங்கன்வாடி நேரம் இன்னும் மாறவில்லை. பள்ளி தொடங்குவதற்கு முன்பே மையத்தைத் திறக்கக் கோரி, பள்ளி மேலாண்மைக் குழுவின் தீர்மானத்தோடும் நான்கு தாய்மாரின் கையொப்பத்தோடும் மனு கொடுத்திருக்கிறோம். காலியாக உள்ள இரண்டாவது பணியாளர் இடம் நிரப்பப்பட்ட பின் பரிசீலிக்கலாம் என்று பதில் வந்துள்ளது. அதுவரை இட்லி அம்மாவுக்கு மாதம் 1,200 ரூபாய் போய்க்கொண்டிருக்கிறது.